மிக்ஸி பிளேடில் பட்டு நூல்

சிம்மக்கல்லில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில், ஜாடியைத் திறந்தவுடனே அந்த வீட்டுச் சமையலைச் சொல்லிவிடுவேன். கருவாட்டுப் பொடி அரைத்த ஜாடி, கைக்குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைத்த ஜாடி, மாமியாருக்குத் தெரியாமல் பூண்டு ஊறுகாய் அரைத்த ஜாடி, எல்லாம் என் மூக்குக்குத் தெரியும். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மூக்கும் காதும் வைத்துத்தான் மீதியைக் கற்றுக்கொண்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், ஓர் இளம்பெண் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்த ஜாடியைத் திறந்தேன். கடையில் நின்றவர்கள் எல்லோரும் தெருவுக்கு ஓடினோம்.

"என்னம்மா, எலியப் போட்டு அரைச்சியா?" என்றேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"புழுண்ணே. செத்த புழு. பருத்திக்கு மருந்து" என்றாள், ஏதோ தேங்காய்ச் சட்னி என்கிற மாதிரி.

விவசாயம் படித்தவள். தல்லாகுளத்தில் வாடகை வீட்டில் இயங்கிய ஒரு சின்ன அமைப்பில் வேலை. திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டு ஊர்களில் பெண்களைச் சேர்த்து இந்த மருந்தைத் தயாரிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஊர்களில் அவளுக்குப் பெயர் 'புழு டீச்சர்'. தெருவில் நின்றபடியே எனக்கும் ஒரு பாடம் நடத்தினாள்.

பருத்திக் காயைத் துளைக்கும் பச்சைப்புழுவுக்கு இயற்கையாகவே ஒரு வைரஸ் நோய் உண்டாம். அது வந்த புழு தின்பதை நிறுத்தும். செடியின் உச்சிக்கு ஏறும். பின்னங்காலால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். பிறகு உடம்பு முழுக்கக் கரைந்து பால்போல ஒழுகும். அந்தப் பால் பட்ட இலையைத் தின்கிற அடுத்த புழுவும் அப்படியே சாகும். ஆகவே நோய் வந்து செத்த புழுக்களைப் பொறுக்கி, மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டி, தண்ணீரில் கலந்து வயலில் தெளிக்க வேண்டியது. வெயில் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் பொழுது சாயத்தான் தெளிக்க வேண்டும். புழு விரும்பித் தின்ன வெல்லக் கரைசல், மிச்ச வெயிலுக்குத் தடையாகத் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம். அந்த நோய் அந்தப் புழுவை மட்டும்தான் கொல்லும். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, தேனீக்கு ஒன்றும் செய்யாது.

"மனுஷன் குடிச்சா?" என்று கேட்டேன்.

"சாக மாட்டான்ணே. நாத்தத்துல வாந்தி எடுப்பான்."

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் பருத்தி மருந்து என்றால் யாரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். கேட்கிறவர் யாரும் சிரித்துக்கொண்டு கேட்பதில்லை.

ஊரில் கரண்ட் அழுத்தம் குறைவு, புழுத்தோல் பிசுபிசுப்பு வேறு. மிக்ஸிகள் அடிக்கடி புகைந்தன. ஒவ்வொன்றாகச் சுமந்து வருவதற்குப் பதில் நானே மொபட்டில் போய்ச் சரிசெய்து தருவது என்று ஆனது. வேலை ஒரு சாக்கு. அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற பேச்சுக்காகவே போனேன் என்று சொன்னால் என் மனைவி இன்றும் ஒத்துக்கொள்வாள்.

முதலில் அவர்கள் கேலிதான் செய்தார்கள். "சீக்குப் பிடிச்ச புழுவ அரைச்சு ஊத்துனா பருத்திக்கும் சீக்கு வராதா?" என்று ஒருவர் கேட்பார். "மாப்ள, ஒனக்கு வராம இருந்தாச் சரி" என்பார் பக்கத்தில் இருப்பவர். ஆனால் எதை அடித்தும் புழு சாகாத காலம் அது. கடையில் புதிது புதிதாக டப்பா வரும், வாங்கி அடிப்பார்கள், புழு சாவகாசமாகத் தின்றுகொண்டிருக்கும். "இம்புட்டு வெஷத்தையும் குடிச்சுப்புட்டு எனக்கு ஏப்பம் விட்டுக் காட்டுதுண்ணே" என்றார் ஒருவர். அப்படிப்பட்டவர்கள்தான் அரை மனதோடு இந்த நோய்த்தண்ணியை வாங்கித் தெளித்தார்கள். ஒரு வாரம் போல ஒன்றும் நடக்காது. புழு டீச்சரைத் திட்டுவார்கள். பிறகு ஒரு காலையில் செடி உச்சியெல்லாம் தலைகீழாகத் தொங்கும். அதற்கு அவர்களே ஒரு பெயர் வைத்தார்கள், 'தொங்கல்'. காலையில் வரப்பில் பார்த்துக்கொண்டால், சாப்பிட்டாயா என்பதற்குப் பதில் "தொங்கல் விழுந்துருச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

நான் அடிக்கடி போன ஓர் ஊரில் நோய்த்தண்ணியை முதன்முதலில் வாங்கித் தெளித்தவன் ஓர் இளவட்டம். நல்ல மனசு, ஆனால் அவசரக்காரன். பஸ் நிற்பதற்குள் இறங்குகிற ரகம். அவன் வாங்கியது பருத்திக்காக மட்டும் இல்லை, தன் மதினிக்காக.

மதினி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. அண்ணன் உயிரோடு இல்லை. ஒழுகுகிற ஸ்பிரேயரை வெற்று முதுகில் மாட்டிக்கொண்டு பருத்திக்கு மருந்து அடித்தவன் பாத்தியிலேயே விழுந்தான். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள், திரும்பக் கொண்டுபோனது உடலைத்தான். பிள்ளைகள் இல்லை. கிணற்றை ஒட்டிய துண்டு நிலத்தில் அவள் மல்பெரி போட்டு, ஓர் ஓட்டுக் கொட்டகையில் பட்டுப்புழு வளர்த்தாள். கொட்டகை நடக்கிற வரை அந்தத் துண்டு அவள் கையில் இருக்கட்டும், நின்றுபோனால் அது கொழுந்தன் நிலத்தோடு சேரும், அவள் பிறந்த வீட்டுக்குப் போகட்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள்.

"பொறந்த எடத்துல ஒன் அண்ணன் வீடு இருக்குல்ல, ஒனக்கென்ன" என்று ஒருநாள் யாரோ சொன்னபோது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இருக்குண்ணே. அங்க எனக்கு எடமும் இருக்கு. அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டத்துக்கும் நடுவுல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்தே, அவள் அங்கே போகாமல் இருப்பதற்கு என்ன வேண்டுமானாலும் செய்வாள் என்று புரிந்தது.

பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்தால், காற்றில் வந்து மல்பெரி இலையில் படியும். அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு பொத்துப் பொத்தென்று சாகும். அவளுக்கு அப்படி முன்பே நஷ்டம் உண்டு. அதனால் கொழுந்தன் மருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவி, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். கொட்டகைப் பக்கம் போனால் ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். காத்திருந்து காத்திருந்து புழு காயைத் தின்று தீர்க்கும். நோய்த்தண்ணி வந்ததும் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம். "புழுவக் கொல்ற நோய்ங்கிறீக. எங்கிட்ட இருக்கதும் புழுதான?" என்று புழு டீச்சரிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. டீச்சர் வாயால் பதில் சொல்லவில்லை. நோய்த்தண்ணியில் நனைத்த இலையைப் போட்டுக் கொஞ்சம் பட்டுப்புழுவைத் தனித்தட்டில் வளர்க்கச் சொன்னாள். அந்தத் தட்டு கூடு கட்டி முடிக்கும்வரை இவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. பருத்திப்புழுவின் நோய் வேறு, பட்டுப்புழுவின் நோய் வேறு, ஒன்றின் நோய் மற்றதற்கு ஒட்டாது என்றாள் டீச்சர்.

"எம்புழு வெவரமான புழுண்ணே. அடுத்தவுக சீக்கையெல்லாம் வாங்காது" என்று எனக்கும் அந்தத் தட்டைக் காட்டினாள்.

நான் அன்றுதான் பட்டுப்புழுவைப் பார்த்தேன். இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் பேசுகிற பாஷையே வேறு, அப்பா பட்டுத்தறி நெய்தவர். நூலை விரலில் உருட்டிப் பார்த்தே அசலா கலப்படமா என்று சொல்வார். எனக்கும் அது வரும். ஆனால் அது எந்த வயிற்றிலிருந்து வருகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் கையைக் கழுவவைத்து, வெற்றிலையைத் துப்பவைத்து உள்ளே விட்டாள். பிரசவ வார்டுக்குப் போகிற மாதிரி போய் வந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்தது. டீச்சரின் தல்லாகுளத்து அமைப்பில் நோய் ஏற்றுவதற்கென்று வளர்த்த பருத்திப்புழுக்கள் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வீணாகிப்போக, நோய்த்தண்ணிக்குத் தட்டுப்பாடு. வருகிற வாரம், வருகிற வாரம் என்று புழு டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். இவள் கொட்டகையிலும் சில தட்டுகளில் பால்புழு நோய் தட்டியது. மழைக்காலத்தில் அது வருவதுதான், பட்டுப்புழுவுக்கென்றே உள்ள நோய். செத்ததைப் பொறுக்கிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் கூடு எடுத்துவிட்டாள். கொட்டகையைக் கழுவிச் சுத்தம் செய்து அடுத்த முட்டையும் வாங்கிப் பொரிக்க வைத்தாள்.

அந்த அடுத்த வளர்ப்புதான் போனது. முழுவதும்.

நான் போனது அதற்கு மறுநாள். கொட்டகைக்குத் தூரத்தில் வண்டியை நிறுத்தும்போதே மூக்கு சொல்லிவிட்டது. கடையில் முதன்முதலாகத் திறந்த அந்த ஜாடியின் நாற்றம். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்று என்று சொல்லவில்லை, கையைக் கழுவு என்று சொல்லவில்லை. உள்ளே போனேன். கூடு கட்டும் பருவத்துக்கு வந்துவிட்ட, விரல் தண்டிப் புழுக்கள். கணுக்கணுவாக வீங்கி, தட்டின் விளிம்புக்கு ஊர்ந்து வந்து, பின்னங்காலால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அடுக்கடுக்காக எல்லாத் தட்டுகளிலும். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்குப் பால் சொட்டியது.

"அண்ணே, இது தொங்கல்தான?" என்று வெளியே இருந்தபடியே கேட்டாள்.

 வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊர் சும்மா இருக்குமா. முதலில் எல்லோரும் புழு டீச்சர்மேல் பாய்ந்தார்கள். "நோயக் கொண்டாந்து ஊருக்குள்ள விட்டுட்டு, ஒட்டாது ஒட்டாதுன்னு சொன்னியே" என்று பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். கூடவே அரைத்த பெண்கள்தான். மிக்ஸியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி. பிறகு பேச்சு திரும்பியது. கொட்டகை நின்றால் நிலம் யாருக்கு? கொழுந்தனுக்கு. அப்புறம் விளக்கிச் சொல்ல வேண்டுமா? "கூடவே இருந்து குழி வெட்டிட்டான்யா" என்று டீக்கடையில் சொன்னார்கள். அவன் காதுபடவே சொன்னார்கள்.

அவள் மட்டும் அதை நம்பவில்லை. "என் கொழுந்தன் காத்துப் பாத்து மருந்து அடிச்சவன். வாய் இருக்குன்னு பேசாதீக" என்று சண்டைக்குப் போனாள். மறுபடி முட்டைக்குச் சொல்லிவைத்துவிட்டு, தட்டுகளைப் பிளீச்சிங் தண்ணியில் முக்கித் தேய்த்துக் காயப்போட ஆரம்பித்தாள். கை விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

சில நாள் கழித்து, கொழுந்தன் என் கடைக்கு வந்தான். சாக்குக்குள் அவன் வீட்டு மிக்ஸி.

"ஓடமாட்டேங்குதுண்ணே. வீட்ல சத்தம் போடுறா."

கழற்றினேன். மோட்டார் காயில் கருகியிருந்தது. ஜாடிக்குள் பிளேடைச் சுழற்றினால் அசையவில்லை. அடியில், பிளேடுத் தண்டைச் சுற்றி அழுக்கு மஞ்சளாக ஏதோ இறுகியிருந்தது. தேங்காய் நார் என்று நினைத்து இடுக்கியால் இழுத்தேன். அறுந்து வரவில்லை. நீளமாக வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுத்தது. எச்சில் தொட்டு விரலில் உருட்டினேன், பசை ஒட்டியது. நுனியைத் தீக்குச்சியில் காட்டினேன். மயிர் கருகுகிற வாசனை.

"என்ன தம்பி, பொண்டாட்டி பட்டுச்சேலையப் போட்டு அரைச்சுட்டீகளா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். காலிச் சாக்கை மடித்தபடியே சொன்னான்.

"நோய்த்தண்ணி வரல. காயப் பூராத் தொளைச்சுக்கிட்டு இருக்கு. அன்னைக்கு மதினி செத்த புழுவப் பானையில போட்டு வச்சிருந்தாக. சிலது கூடு கட்டுறப்பவே உள்ள செத்துக் கெடந்துச்சு. மழையில நீங்க ஏன் குழி தோண்டுறீக, நான் பொதைச்சிட்டு வாரேன்னு வாங்கிட்டுப் போனேன். பொதைக்கத்தாண்ணே போனேன். பானையப் பாத்தா அதே தொங்கலு, அதே பாலு. மண்ணுக்குள்ள போற சாமான்தான, நம்ம பருத்திக்கு ஆகட்டுமேன்னு..."

"டீச்சர் ஒட்டாதுன்னு சொன்னாகளேய்யா?"

"பருத்திப்புழு நோய் பட்டுப்புழுவுக்கு ஒட்டாதுன்னாக. பட்டுப்புழு நோய் பருத்திப்புழுவுக்கு ஒட்டாதுன்னு யாரும் சொல்லலயேண்ணே."

சுண்ணாம்பைக் கழுவிவிட்டு, கூட்டோடு சேர்த்து அரைத்திருக்கிறான். துணியில் வடிகட்டியிருக்கிறான். வெல்லம், நீலம், பொழுது சாய்கிற நேரம், எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே. தெளித்து முடித்து ஸ்பிரேயரைக் கிணற்றடி வாய்க்காலில் கழுவியிருக்கிறான். அந்தத் தண்ணீர் போவது மல்பெரிக்கு.

"அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் தம்பி?"

தலையைக் குனிந்துகொண்டான். "வெஷம்னா பாப்பேண்ணே. இது வெஷம் இல்லைல்ல. அதனால காத்தப் பாக்கல."

அந்த நூலைத் தூரப் போட்டுவிடச் சொன்னான். தெரிந்தால் ஊர் சொல்வது உண்மை என்று ஆகிவிடும், மதினி முகத்தில் முழிக்க முடியாது என்றான். நான் சொன்னேன், புழு டீச்சரை ஊருக்குள் விடமாட்டேன் என்கிறார்கள், செய்யாத குற்றத்துக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது. அதையும் விடு, உன் மதினி மறுபடி முட்டை வாங்கப் போகிறாள், அதே இலையைத்தான் பறித்துப் போடப் போகிறாள். இதைக் கேட்டதும் எழுந்து நின்றான். "வண்டிய எடுங்கண்ணே" என்றான்.

முதலில் தல்லாகுளம் போய்ப் புழு டீச்சரிடம் சொன்னோம், அவளும் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். நாங்கள் போனபோது மதினி தட்டுகளை வெயிலில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை, பானையை வாங்கியது, அரைத்தது, வாய்க்காலில் கழுவியது எல்லாம். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைக்கவில்லை.

டீச்சர் அவசரமாகச் சொன்னாள்: "மல்பெரியப் பூரா வெட்டிக் கவாத்து பண்ணிட்டு, கொட்டகையச் சுத்தம் பண்ணி, கொஞ்ச நாள் விட்டு ஆரம்பிக்கலாங்கா. நான் கூட இருக்கேன்."

அது அவள் காதில் விழுந்த மாதிரியே இல்லை. கொழுந்தனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பருத்திப்புழு செத்துச்சா?"

"இல்ல மதினி. ஒண்ணுகூடச் சாகல."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். அவன் காலைத் தொடப் போனான், விலகிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது எனக்கு இன்றும் அவள் குரலிலேயே கேட்கிறது.

"தெரிஞ்சு செஞ்சிருந்தீகன்னா, ஒங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு நான் இங்கனயே இருந்திருப்பேன் தம்பி. தெரியாமச் செய்றவுககிட்டருந்து நான் எதை எதைன்னு காவல் காக்க?"

சொல்லிவைத்திருந்த முட்டையை வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். புழு டீச்சர் இரண்டு தடவை போய்ப் பேசிப் பார்த்தாள். கொழுந்தன், நிலம் எனக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் முன்னால் எழுதித் தரக்கூடத் தயார் என்றான். அவள் மசியவில்லை. தை பிறப்பதற்கு முன்னால் அவள் அண்ணன் வண்டி கொண்டுவந்தார். ஒரு பெட்டி, ஒரு பாய், கொஞ்சம் பாத்திரம். தேய்த்துக் காயவைத்த தட்டுகளைத் தொடவே இல்லை. ஊரும் வாயை மூடிக்கொண்டது, ஆனால் அவனைப் பற்றிச் சொன்னதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நல்லவன் என்று சொல்வதற்கு யாருக்கும் வாய் வரவில்லை, கெட்டவன் என்று சொல்வதற்கும் முகம் இல்லை.

மறுவருஷம் நோய்த்தண்ணி சரியான நேரத்துக்கு வந்தது. ஊரில் சில வயல்களில் தொங்கல் நன்றாகவே விழுந்தது. மிக்ஸி பார்க்கப் போனவன், சாயங்காலம் கிணற்றுப் பக்கம் நடந்தேன். மல்பெரியை டிராக்டர் விட்டுப் பிடுங்கி, அங்கேயும் பருத்தி போட்டிருந்தார்கள். கொட்டகையின் கதவு ஒரு கீலில் ஆடிக்கொண்டிருந்தது. தொண்டையைப் பிடிக்கிற நெடி. கொழுந்தன் சட்டையில்லாமல், முதுகில் ஸ்பிரேயரோடு, கடை மருந்து அடித்துக்கொண்டிருந்தான். அவன் அண்ணனுடைய அதே ஸ்பிரேயர். அடிப்பக்கம் ஒழுகி இடுப்பு வேட்டி நனைந்திருந்தது.

"நோய்த்தண்ணி வாங்கலையா தம்பி?"

"அத அடிச்சாத் தொங்கும்ணே. என்னால அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல."

காற்று மேற்கே, கொட்டகையைப் பார்த்துத்தான் வீசியது. மருந்துப் புகை திறந்த கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"காத்தப் பாக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். பழக்கத்தில் வந்த வார்த்தை.

பம்பை நிறுத்தாமலே சொன்னான். "அந்தப் பக்கம் இனி யாருண்ணே இருக்கா?"